கதவடிச் சிரிப்பு

ஜனவரி 6, திங்கள்

இதைத் தமிழில் எழுதுகிறேன். சேயோனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது மட்டும் காரணம் அல்ல. ஆனால் முதல் காரணம் அதுதான்.

வேலை கிடைத்திருக்கிறது. தயாரிப்பு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். ஆறு வெள்ளிக்கிழமைகள். லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஒரு ஸ்டூடியோ. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றை இருநூற்று நாற்பது பேர் முன்னால் ஒளிப்பதிவு செய்யப் போகிறார்கள். காட்சி மாற்றும்போதும், உடை மாற்றும்போதும், யாராவது வசனம் மறக்கும்போதும் அந்தச் சனம் சலித்துப் போகாமல் பார்த்துக்கொள்ள ஒருவன் வேண்டும். அவன் பகிடி சொல்வான், வம்பு பேசுவான், யாரையாவது எழுப்பிப் பாட வைப்பான். ஒளிப்பதிவு தொடங்கியதும் படிக்கட்டின் பின்னால் போய் இருந்துவிடுவான். அவன் முகம் எங்கும் வராது. வார்ம்-அப் என்பார்கள்.

அவன் நான்.

தொடரின் நாயகன் சேயோன். அங்கே அவன் பெயர் ஷான் குணா.

என் பெயர் எப்படித் தெரியும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை.

ஜனவரி 7

குசினிக் குழாய் சொட்டுகிறது. வாஷர் வாங்க வேண்டும்.

ஜனவரி 10, வெள்ளி

முதல் ஒளிப்பதிவு.

கதை இதுதான். சேயோன் கார் ஓட்டப் பழக்குபவன். அவனுக்கே ஓட்டப் பயம். ஆகவே மாணவர்களின் வீட்டுக்குள் போய் இருந்து, தேநீர் குடித்து, பாடத்தைத் தள்ளிப்போடுவான். புறப்பட வேண்டிய நேரம் வரும். கதவடிக்குப் போவான். விடைபெறுவான். கைப்பிடியைத் திருப்புவான். திரும்பி வந்து ஒன்றைச் சொல்வான். மறுபடி போவான். மறுபடி வருவான். மூன்றாம் தரம் எதுவும் பேசாமல் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பான். அப்போது மண்டபம் அதிரும்.

முன்பு மேடையில் அவன் இதைச் செய்தபோதே "ஷான் குணாவின் வெளியேற்றங்கள்" என்று ஒரு பத்திரிகை தலைப்பிட்டு எழுதியது.

அது என்னுடையது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. நானும் அவனும் ஒரு வீட்டில் இருந்தோம். இருவரும் சேர்ந்து மேடையில் பகிடி செய்துகொண்டிருந்த காலம். அந்த வீட்டுக் குசினியில் முதலில் நான்தான் செய்து காட்டினேன். அம்மாவைப் பார்த்து எடுத்தது. எங்கள் ஆட்கள் "போறன்" என்று சொல்வதில்லை. "போட்டு வாறன்" என்பார்கள், போய்விட்டு வருகிறேன் என்று. சொல்லிவிட்டுக் கதவடியில் அரை மணி நேரம் நிற்பார்கள். ஒற்றைச் சப்பாத்தோடு அம்மா ஒரு கலியாணத்தின் சமையலை முழுதாகப் பேசி முடிப்பார்.

மூன்றாம் தரத்து மௌனம் மட்டும் சேயோன் சேர்த்தது. அது பெரிய விடயமல்ல.

ஜனவரி 13, திங்கள்

சேயோனைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகளை ஒழுங்குபடுத்தினேன். அம்மாவுக்காகச் சேர்ப்பது. சப்பாத்துப் பெட்டி நிறைந்துவிட்டது.

லீட்ஸ், ஒரு மதுச்சாலையின் மாடி அறை. லண்டனிலிருந்து ஒரு முகவர் பார்க்க வந்த மாலை. இருவராகச் செய்ய வேண்டியதை அவன் தனியாகச் செய்தான். எனக்குக் காய்ச்சல்.

எடின்பரோ விழா. நாற்பது கதிரை, இருபத்தாறு நாள்.

கேலி நாடகம் ஒன்று, பதினொரு ஊர்களில். காற்சட்டை கழன்று விழும் பரிசாரகன். அடுத்த வருடம் லண்டனில், பெரிய அரங்கில், அதே நாடகம். இம்முறை அடுத்தவனின் காற்சட்டையைக் கழற்றுபவன். பதவி உயர்வு.

வானொலி. பிறகு ஒரு திரைப்படத்தில் பிணவறைக் காவலாளி. நாலு நிமிடம். படம் மோசம். அந்த நாலு நிமிடத்தை எல்லா விமர்சனங்களும் குறிப்பிட்டன.

இப்போது தொடர்.

எண்பத்தேழு துண்டுகள். அம்மா இதுவரை பார்க்கக் கேட்டதில்லை.

ஜனவரி 17, வெள்ளி

இன்று எண்ணினேன். எனக்கு 41 சிரிப்பு. அவனுக்கு 63. ஆனால் அவனுக்கு எழுதிக்கொடுக்க நாலு பேர்.

முடிந்ததும் ஒப்பனை கலையாமல் என்னைத் தேடி வந்தான்.

"மச்சான், இண்டைக்கு நல்லா இளக்கி வைச்சிருந்தாய். நான் வாயைத் திறக்க முதலே சிரிச்சதுகள்."

"அதுதானே வேலை."

"அந்தத் தொப்பிக்காரக் கிழவனை என்னெண்டு மடக்கினனி? அவன் உர்ரெண்டு இருந்தவன்."

"தொப்பியைக் கேட்டன். தந்தான்."

"அவ்வளவுதானோ?"

"திருப்பிக் குடுக்கேல்லை."

சிரித்தான். அவனுடைய சிரிப்பையும் சேர்த்தால் 42.

அவன் பேசியதில் பாதிக்குமேல் ஆங்கிலம். நான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். அப்படியாவது அவன் வசனத்தை நான் எழுதியதாகிறது.

ஜனவரி 19, ஞாயிறு

சேயோன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். கணவாய்க் கறியும் புட்டும். எனக்கு அம்மா கணவாய் சமைத்து இரண்டு மாதம்.

"அன்ரி, இந்தக் கணவாய்க்கு நான் ரீவியை விட்டிட்டே வருவன்."

"வந்து? இவனைப் போலை வீட்டிலை இருக்கப் போறியோ?"

"இவன் வேலையாளெல்லோ அன்ரி. இவன் இல்லாட்டி நான் ஒண்டுமில்லை."

"ஓம், ஓம். சாப்பிடு."

பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். ஆறாவது பகுதியில் நாயகனின் மனைவியின் தம்பி வருகிறானாம். "எனக்கு மச்சான் முறை. ஹிலரியிட்டை உன்ரை பேரைக் குடுத்தனான்." ஹிலரி தயாரிப்பாளர். "செவ்வாய் இருபத்தெட்டு, பதினொரு மணி. வந்து வாசி, அவ்வளவுதான்."

"பாப்பம்."

"பாப்பம் எண்டால் நீ வரமாட்டாய்."

"அண்டைக்கு என்ன வேலை இருக்கோ தெரியேல்லை."

"உனக்கென்ன வேலை," என்றார் அம்மா, குழம்பை அவனுக்கு ஊற்றியபடி. சேயோன் அம்மாவை வெள்ளிக்கிழமை ஒளிப்பதிவுக்கு வரச் சொன்னான். அம்மா உடனே சம்மதித்தார். நான் கேட்டபோது அவருக்கு முழங்கால் வலித்தது.

போவதற்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தான். கதவடியில் அம்மாவும் அவனும். மாறி மாறி. அவன் நடிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.

அம்மா கையால் வாயைப் பொத்திச் சிரித்தார். எப்போதும் அப்படித்தான். சத்தமான சிரிப்பு என் நினைவில் நாலோ ஐந்தோ தரம். மூன்று ஏறுமூச்சு, பிறகு "ஐயோ" என்று ஒரு சின்னக் கூவல். பன்னிரண்டு வயதிலிருந்து அதற்காக முயன்றிருக்கிறேன். நாலோ ஐந்தில் ஒன்றும் என் பகிடிக்கு வந்ததில்லை. ஒரு தரம் பூனை கூரையால் விழுந்ததற்கு.

ஜனவரி 21

மச்சான் பாத்திரத்தின் பக்கங்கள் மின்னஞ்சலில் வந்தன. ஒன்பது வசனம். பாடமாக்கவில்லை. தெரிந்துவிட்டது.

ஜனவரி 24, வெள்ளி

39. அவனுக்கு 70.

ஜனவரி 28, செவ்வாய்

கொதிகலன் திருத்த ஆள் வருவதாக இருந்தது. பத்துக்கும் இரண்டுக்கும் இடையில். வீட்டில் ஒருவர் நிற்கத்தானே வேண்டும். ஹிலரிக்கு எழுதிவிட்டேன். பரவாயில்லை என்று பதில் வந்தது, ஆறு நிமிடத்தில்.

ஜனவரி 29

"கொதிகலன்காரன் வந்தால் கதவு திறக்க நான் வீட்டிலைதானே நிண்டனான்," என்றார் அம்மா, வேறு எதையோ பேசும்போது.

வீட்டுக்கு வந்த தச்சனிடம் விலை கேட்கும் குரலில்.

ஜனவரி 31, வெள்ளி

அம்மா வந்தார். நீலச் சேலை, மேலே குளிர் மேலங்கி. இரண்டாவது வரிசை, இடது ஓரம். பார்வையாளரின் சிரிப்பைப் பிடிக்கும் ஒலிவாங்கி ஒன்று அவர் தலைக்கு நேர் மேலே தொங்கியது.

மூன்றாம் காட்சிக்கு முன்னால் தளம் மாற்ற எட்டு நிமிடம் ஆனது. அதில் பெட்டிப் பகிடியைச் சொன்னேன். அம்மா கனடாவுக்குப் போகும்போது பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறுவார். பிறகு தன் நிறையைக் கழித்து, மிச்சம்தான் பெட்டி என்பார். ஆனால் தன் நிறையில் அம்மா உண்மை சொல்வதில்லை. ஆகவே வீட்டில் பெட்டி எட்டுக் கிலோ கூடக் காட்டும். எட்டுக் கிலோச் சாமானை வெளியே எடுத்து வைப்பார். பெட்டி அரைவாசி வெறுமையாகப் பறக்கும். கனடாவில் என் பெரியம்மா பதினைந்து வருடமாக ஒரு முழுப் பொதி மிளகாய்த் தூளைக் கண்டதில்லை. அம்மாவின் கௌரவத்தின் நிறை எட்டுக் கிலோ.

மண்டபம் சிரித்தது. அதற்குள் அதுவும் வந்தது. மூன்று ஏறுமூச்சு. ஐயோ. வெளிச்சம் கண்ணில் விழுந்ததால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் கேட்டது. கேட்டது என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவனுடையவற்றை எண்ணவில்லை. தேவைப்படவில்லை. படிக்கட்டின் பின்னால் இருந்து ஒரு பிஸ்கட் சாப்பிட்டேன்.

ரயிலில் அம்மா பேசவில்லை. களைப்பு.

பிப்ரவரி 14, வெள்ளி

கடைசி ஒளிப்பதிவு. மச்சான் பாத்திரத்தில் லெஸ்ரர் நகரத்துப் பெடியன் ஒருவன். நன்றாகச் செய்தான். இல்லை. செய்தான். ஏழாவது வசனத்தில் மூச்சு எடுக்கக் கூடாது. எடுத்தான். சிரிப்பு செத்தது.

விருந்து இருந்தது. நேரத்தோடு வந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

சவுத்ஹாலில் ஒரு சாமத்திய வீடு, பூப்புனித விழா. நான் அறிவிப்பாளன். "அடுத்ததாக ஆரத்தித் தட்டுகள்" என்று பதினேழு தடவை சொன்னேன். பெண்ணின் மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"நீர் ஷான் குணாவோடை படிச்சனீராமே?"

"ஓம்."

"அவர் என்னமாதிரி, நேரிலையும் பகிடியோ?"

"இல்லை," என்றேன்.

பிறகு வெட்கமாக இருந்தது. பிறகு இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

முதற்பகுதி ஒளிபரப்பானது. வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். முழுவதும் பார்க்கவில்லை. இருபத்தெட்டு நிமிடம் பார்த்தேன். முழுப் பகுதியும் இருபத்தொன்பது.

ஏப்ரல் 9

துண்டுகள்: 94.

ஏப்ரல் 28, திங்கள்

நாலாவது பகுதி. அம்மா வந்த நாள் எடுத்தது.

இருபத்திரண்டாவது நிமிடம். சேயோன் கதவடியில் நிற்கிறான். மூன்றாம் தரம். மௌனம். அந்த மௌனத்துக்குள், மற்றவர்கள் சிரிக்கத் தொடங்குவதற்கு முன், ஒரு சிரிப்பு. மூன்று ஏறுமூச்சு. ஐயோ.

பதினொரு தரம் திருப்பிப் போட்டேன். அம்மாதான்.

"என்ன தம்பி, ஒண்டையே திருப்பித் திருப்பிப் போடுறாய்?" குசினியிலிருந்து.

"ரீவி பழுது."

தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்த விடயம் இது. தொகுப்பவர்கள் சிரிப்பை நகர்த்துவார்கள். ஓரிடத்தில் சிரிப்பு மெலிந்து போனால் இன்னோரிடத்துச் சிரிப்பை வெட்டி வந்து வைப்பார்கள். பெட்டிப் பகிடிக்கு அம்மா சிரித்ததை வெட்டியிருக்கிறார்கள். அவன் மௌனத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

நாலு மில்லியன் பேர் பார்க்கும் நிகழ்ச்சி. வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் என் அம்மா எனக்காகச் சிரித்தார். அது அவன் கணக்கில்.

மே 2, வெள்ளி

ஒலித் தொகுப்பாளர் டிலிஸ். வேல்ஸ்காரி, ஐம்பது வயதிருக்கும், மேசையில் பின்னல் ஊசிகள். ஒரு சந்தேகம் என்று மட்டும் எழுதியிருந்தேன். வரச் சொன்னாள். போகும் வழியில் பேச வேண்டியதை நாலு விதமாகத் தயாரித்தேன். நாலும் கோபமானவை.

"இந்தச் சிரிப்பு எங்கிருந்து எடுத்தது?" என்று கேட்டேன்.

அவள் அந்த நாளின் மூலப் பதிவைத் திரையில் விரித்தாள். "எங்கிருந்தும் எடுக்கவில்லை. நடந்த இடத்திலேயே இருக்கிறது. பாருங்கள், நேரம் பொருந்துகிறது. முதல் எடுப்பு. இதைத் தொட எனக்கு மனம் வரவில்லை."

"வார்ம்-அப் நேரத்தில் இதே சிரிப்பு வந்திருக்கும். மூன்றாம் காட்சிக்கு முன்னால்."

"வார்ம்-அப்பில் பார்வையாளர் ஒலிவாங்கிகளை அணைத்துவிடுவோமே. உங்களுடைய நேரம் எதுவும் எங்களிடம் பதிவாவதில்லை." என்னைப் பார்த்தாள். "யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா?"

"சொன்னார்கள்," என்றேன்.

ஆறு வாரம். 247 சிரிப்பு. ஒன்றும் எங்கும் இல்லை.

"எனக்கு இவரை மிகவும் பிடிக்கும்," என்றாள் டிலிஸ், இன்னொரு தரம் ஓடவிட்டு. "இரண்டாம் வரிசைச் சீமாட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். மற்ற எல்லோருக்கும் ஒரு வினாடி முன்னால் சிரிக்கிறார், கேளுங்கள். வரப்போவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாராக இருக்கும்?"

"தெரியாது," என்றேன்.

மே 3, சனி

அம்மா நெத்தலியின் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் இருந்து கிள்ளினேன்.

"அம்மா, அண்டைக்கு ஸ்டூடியோவிலை எதுக்குச் சிரிச்சனீங்கள்?"

"அதோ. அவன் கதவடியிலை நிண்டதுக்கு."

"பெட்டிக் கதைக்கு இல்லையோ?"

"எந்தப் பெட்டி?" கை நின்றது. "என்ரை நிறையைச் சபையிலை சொன்னியே, அதுக்கோ? எனக்கு நிலத்துக்குள்ளை போகலாம் போலை இருந்தது. பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரி திரும்பி என்னை மேலையும் கீழையும் பாத்தவள்."

"அது நீங்களெண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ கையைக் காட்டினனியெல்லோ."

காட்டியிருக்கிறேன். நினைவில்லை.

"அப்ப சேயோனுக்குத்தான் சிரிச்சனீங்கள்."

"அவனுக்கு நான் ஏன் சிரிக்கிறன்? அது நீயெல்லோ."

"அம்மா, அது நீங்கள். உங்களைப் பாத்துத்தான் நான் அதை முதல்முதல் செய்தனான். பிறகுதான் அவன்."

"நானோ? நான் கதவடியிலை நிண்டால் வாய் மூடாமல் கதைச்சுக்கொண்டெல்லோ நிப்பன். ஒண்டும் பேசாமல் கைப்பிடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது ஆர்?" ஒரு நெத்தலியை எடுத்து என்னைக் காட்டினார். "பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டாலும் அப்பிடித்தான். நேர்முகத்துக்கு வெளிக்கிட்டாலும் அப்பிடித்தான். அண்டைக்குக் கொதிகலன்காரன் வந்தண்டு மூண்டு தரம் சப்பாத்தைப் போட்டுக் கழட்டினாய். நான் குசினிக்குள்ளை நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான். அவன் அச்சு அப்பிடியே செய்யிறான். இடது தோள் கொஞ்சம் ஏறி. எனக்கெண்டால் உன்னைக் கொண்டுவந்து நிப்பாட்டின மாதிரி இருந்தது. சிரிப்பு வந்திட்டுது."

பிறகு சொன்னார்: "தலையை மட்டும் கிள்ளு. நீ அரைவாசி மீனையும் கிள்ளுறாய்."

மே 4, ஞாயிறு

லீட்ஸில் எனக்குக் காய்ச்சல் இல்லை.

எட்டு வருடத்தில் முதன்முறை எழுதுகிறேன். முகவர் வந்த அந்த மாலை. வாடகைக் கார் வெளியே நின்றது. சேயோன் ஏறிவிட்டான். காரின் கதவு திறந்தபடி இருந்தது. நான் சப்பாத்துப் போட்டேன். வீட்டுக் கதவுவரை போனேன். தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். மறுபடி போனேன். அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். மறுபடி போனேன். அப்புறம் நகர முடியவில்லை. அவன் காருக்குள் இருந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"காய்ச்சல் எண்டு சொல்லு," என்றேன்.

அவன் அப்படியே சொன்னான். அன்றிலிருந்து இன்றுவரை எல்லோரிடமும் அப்படியே சொல்கிறான்.

மே 5, திங்கள்

சேயோனைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து அவனே திரும்ப அழைத்தான். எங்கோ உணவகச் சத்தம்.

"லீட்ஸிலை, நான் வராத அண்டைக்கு, நீ தனிய என்ன செய்தனி? நான் கேட்டதேயில்லை."

சத்தம் குறைந்தது. வெளியே வந்திருக்க வேண்டும்.

"நீ கேப்பாய் எண்டு எட்டு வருசமாப் பயந்துகொண்டு இருந்தனான்."

"சொல்லு."

"எல்லாம் ரண்டு பேருக்கு எழுதினது. ஒருத்தன் நிண்டு என்னத்தைச் செய்யிறது? பத்து நிமிசம். மேடையிலை ஏறினவுடனை எல்லாம் மறந்து போச்சு. கண்ணுக்குள்ளை நிண்டது ஒண்டுதான். நீ கதவடியிலை நிண்டது. அதைச் செய்தன். சிரிச்சதுகள். நான் நிப்பாட்டேல்லை."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நிமல். கோவமோ?"

"குசினியிலை நான் காட்டினது அம்மாவை."

"தெரியும். அது நல்ல பகிடி. ஆனால் அதுக்கு இவ்வளவு சிரிக்கமாட்டுதுகள்."

அதை அவன் இரக்கத்தோடு சொல்லவில்லை. மேடைக்காரன் மேடைக்காரனுக்குச் சொல்வதுபோல் சொன்னான். அது சரி என்பதும் எனக்குத் தெரிந்தது.

"தோள் இடது," என்றேன். "ரண்டாம் பகுதியிலை வலதை ஏத்தினனி. கவனி."

"உண்மையாவோ? வலதையோ?" உண்மையாகவே கலங்கினான். பிறகு, "இரண்டாந் தொடர் எழுதுறம். மச்சான் திரும்ப வாறான், இந்தமுறை ஆறு பகுதியிலையும். லெஸ்ரர் பெடியனுக்கு நாடகம் வந்திட்டுது. ஜூன் பதினேழு வாசிப்பு. ஒரே கதவாலை வெளியிலை போகேலாத ரண்டு பேர், மச்சான். நான் ஒருத்தன்தான் இருக்கிறன்."

"பாப்பம்," என்றேன்.

உணவகச் சத்தம் திரும்பவும் கேட்டது.

மே 6

என் பகிடியைத் திருடினான் என்று நினைத்து எட்டு வருடம் வயிறு எரிந்தது. பகிடியை அவன் தொடவேயில்லை. நான் ஒளித்து வைத்ததை எடுத்து வெளிச்சத்தில் வைத்தான். நான் அதற்குக் காய்ச்சல் என்று பெயர் வைத்திருந்தேன்.

இது ஆறுதல் தர வேண்டும். தரவில்லை. நான் நானாக இருப்பதைக்கூட அவன் என்னைவிட நன்றாகச் செய்கிறான்.

மே 19

துண்டுகள்: 112. பெட்டியைக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டேன்.

ஜூன் 10

பக்கங்கள் வந்தன. இருபத்தாறு வசனம். பாடமாக்குகிறேன். அம்மா மற்றப் பாத்திரங்களை வாசிக்கிறார். சேயோனின் வசனங்களை ஊர் விதானையார் அறிவித்தல் வாசிப்பதுபோல் வாசிக்கிறார். சொல்லப்போனால் சேயோனைவிட நன்றாக இருக்கிறது.

ஜூன் 16

சட்டையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன்.

ஜூன் 17, செவ்வாய். ரயிலில்

ஒன்பதரைக்குச் சப்பாத்துப் போட்டேன். "போட்டு வாறன்" என்றேன். கதவைத் திறந்தேன். தூறல். குடை எடுக்கத் திரும்பினேன்.

மறுபடி வந்தேன். பக்கங்கள் பையில் இருக்கின்றனவா என்று பார்க்க உள்ளே போனேன். இருந்தன.

மூன்றாம் தரம் எதற்கு என்று தெரியவில்லை. கைப்பிடியில் கை. கால்கள் இருந்தன, அவ்வளவுதான். இடது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. இவ்வளவு காலமும் அப்படித்தான் ஏறியிருக்க வேண்டும். இன்றுதான் தெரிந்தது.

அம்மா குசினியிலிருந்து வந்தார். கையில் ஈரத் துணி. என் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார், நெத்தலி கிள்ளும் அதே கவனத்தோடு. கதவை அகலத் திறந்தார்.

"போ," என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத சொல். போட்டு வா என்பதுதான் எங்கள் வழக்கம். திடுக்கிட்டு ஓர் அடி வெளியே வைத்தேன். அந்த ஓர் அடி போதுமாக இருந்தது. கதவு சாத்தப்பட்டது. உள்ளே சங்கிலி விழுந்த சத்தம் கேட்டது.

கையைப் பார்த்தேன். பக்கங்களைப் பார்க்கப் போனபோது குடையைக் கதிரையில் வைத்துவிட்டிருந்தேன்.

"அம்மா. குடை."

பதில் இல்லை.

"அம்மா, மழை பெய்யுது."

பதில் இல்லை. கடிதம் போடும் துவாரத்தைத் திறந்து, குனிந்து, அதற்குள் வாயை வைத்து மூன்றாம் தரம் கேட்டேன். "அம்மா."

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அது வந்தது. ஓர் ஏறுமூச்சு. இன்னொன்று. இன்னொன்று. பிறகு அந்தச் சின்னக் கூவல்.

ஒலிவாங்கி இல்லை. சபை இல்லை. எதிர்வீட்டு மனிதர் மட்டும் குப்பைத் தொட்டியோடு நின்று என்னைப் பார்த்தார். துவாரத்தைத் திறந்து பிடித்தபடி, நனைந்துகொண்டு, முடியும்வரை கேட்டேன்.

பிறகு நடந்தேன். சட்டை நனைந்துவிட்டது. இன்னும் நாலு நிறுத்தம்.

சேயோனுக்கு இதைச் சொல்லப் போவதில்லை. எடுத்துக்கொள்வான்.